பழைய கொள்ளளவியும் பழைய ஒலியும்

பழைய வால்வுக் கருவிகளைப் போற்றிப் பேணுவோர் சிலர், அவற்றின் உறுப்பு எதனையும் மாற்றலாகாது என்பர். மாற்றினால் இனிய ஒலி மறைந்துவிடும் என்பது அவர்தம் அச்சம். இவ்வச்சம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதற்குக் கண்டென்சர் எனப்படும் மின்கொள்ளளவியே விடை கூறும்.

நேயர்களே, இரு உலோகத் தகடுகளுக்கிடையே மின்கடத்தாப் பொருளொன்றை வைத்தால் கொள்ளளவி ஆகும். இசையைச் சுமந்துவரும் ஆடலோட்டத்தை அடுத்த வால்வுக்குச் செலுத்துவதும், நேரோட்டத்தைத் தடுத்து நிறுத்துவதும் அதன் பணி.

1953ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீற்றர் வோக்கரின் நிறுவனம் வெளியிட்ட குவாட் 2 என்னும் ஒலிபெருக்குங் கருவியை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு கே.ரி. 66 வால்வுகளுக்கு இசையைக் கொண்டுசேர்ப்பவை 0.1 மைக்குரோபரட் அளவுள்ள இரு கொள்ளளவிகளே. அக்காலத்துக் கொள்ளளவிகள் பலவற்றில் கடத்தாப் பொருள், மெழுகிலோ எண்ணெயிலோ தோய்த்த காகிதம். காகிதம் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஆண்டுகள் செல்ல, தடுக்க வேண்டிய நேரோட்டம் அதனூடே கசியத் தொடங்கும்.

கசிவு சிறிதுதானே என எண்ணலாகாது. கொள்ளளவியின் தடை 20 மெகோமாகவும், அதன் முன்னுள்ள அழுத்தம் 200 வோல்ற்றாகவும், அடுத்த வால்வின் கிரிட்டுத் தடை அரை மெகோமாகவும் இருப்பின், கிரிட்டில் ஏறத்தாழ 5 வோல்ற்று வந்து சேரும். வால்வு அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை இழுக்கும், ஒலி திரிபுறும், வால்வு சூடேறிப் பழுதாகும். இறுதியில், எளிதிற் கிடைக்காத வெளியீட்டு மாற்றியே எரிந்துபோகவும் கூடும். சிறிய மின்கலத்தால் இயங்கும் சோதனைமானி இக்கசிவைக் காட்டாமலும் போகலாம். வேலை செய்யும் அழுத்தத்திலேயே அது தெளிவாக வெளிப்படும்.

மின்வழங்கலிலுள்ள மின்பகுபொருட் கொள்ளளவியின் குறை வேறு. அதனுள்ளிருக்கும் திரவம் உலர்ந்தால் கொள்ளளவு குன்றும். இசையின் அடியில் ஓர் இரைச்சல் ஓயாது முழங்கும். நெடுங்காலம் கிடப்பிலிருந்த கருவிக்குத் திடீரென முழு மின்சாரத்தைக் கொடுப்பதும் தீங்கானது.

எனினும் பழையன யாவும் கழிக்கத்தக்கன அல்ல. மைக்காக் கொள்ளளவிகள் பெரும்பாலும் நெடுங்காலம் உழைக்கின்றன. சோதித்துத் தேறியவற்றை விட்டு, கசிவனவற்றை மட்டும் மாற்றுவதே முறை. அதே கொள்ளளவும், குறையாத அழுத்தத் தாங்குதிறனும் உடைய பொலியெசுத்தர் கொள்ளளவி அதற்குப் போதும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பெரிய கொள்ளளவிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆதலின் இப்பணி பயின்றவர் கைக்கே உரியது.

கருவியை ஆக்கியோன் செவிமடுத்தது, புதிய கொள்ளளவிகள் கசிவின்றிப் பணியாற்றியபோது எழுந்த ஒலியை. பழுதுற்ற உறுப்பை மாற்றுவோர் பழைய ஒலியை அழிப்பதில்லை, அதனை மீட்டெடுக்கின்றனர்.