நாற்பது பாட்டுக்குள் அடங்காதவர்கள்

அமெரிக்காவின் தெற்கே அலபாமா என்றொரு மாநிலம். அதன் குறுக்கே ஓடும் ஒரு நிலப்பட்டைக்கு, நம் கரிசல்காட்டைப் போலவே, மண்ணின் கறுப்பை வைத்துத்தான் பேர் வந்தது. விளைந்ததும் பருத்திதான். அந்த மாநிலத்தில் 1923-இல் பிறந்தவர் ஹாங்க் வில்லியம்ஸ். ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகரிடம் பழகி, பிரிவையும் தனிமையையும் குடியையும் எளிய சனங்களின் பேச்சிலேயே பாட்டாக்கினார். 1953 புத்தாண்டு நாளில், கச்சேரிக்குப் போகும் வழியில் காரிலேயே உயிர் போனது. வயது 29.

இன்றைக்கு அவரைக் கேட்க விரும்புகிறவர்களுக்குப் பலரும் எடுத்துக் கொடுப்பது, 1978-இல் இரண்டு இசைத்தட்டுகளாக வந்த 'நாற்பது மிகச் சிறந்த பாடல்கள்' தொகுப்பு. நல்ல தொகுப்புதான். அவர் பாட்டுகள் பிறந்ததே மூன்று நிமிடக் கணக்கில். அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதான் கொள்ளும். அளவெடுத்துத் தைத்த சட்டை, எங்கும் பிடிக்கவில்லை.

நம் கோவில்பட்டிக்காரர் ஒருவருக்கு இந்தச் சட்டை சேரவில்லை. நாதஸ்வரக்காரர் காருகுறிச்சி அருணாசலத்தைத்தான் சொல்கிறேன். 1921-இல் பிறந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராக இருந்து, கோவில்பட்டியில் வீடு கட்டி வாழ்ந்து, 1964-இல் போய்ச் சேர்ந்தவர். அவர் பேரை எடுத்ததும் எல்லாரும் சொல்வது 'சிங்காரவேலனே'. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை', எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம். ஜானகியின் குரலும் அருணாசலத்தின் நாயனமும் மல்லுக்கு நிற்கும். கல்யாண வீட்டில் குழாய் கட்டி ரேடியோ செட் போட்ட காலத்தில் அது ஒலிக்காத பந்தல் குறைவு. பஜாரில் சீட்டெழுதிக் கொடுத்துக் கேசட் பதிந்த நாட்களிலும், நாயனம் என்றால் பெரும்பாலும் அதுதான் முதல் வரி. பாட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதைக் கேட்டுவிட்டு 'காருகுறிச்சியைக் கேட்டாயிற்று' என்று எழுந்து போகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிறவருக்கு ஏது மூன்று நிமிடம்? தேரடியில் தொடங்கிய தோடி தெரு முக்கைத் தாண்டியும் போகும். தீவட்டிக்காரர் நிற்பார், சனம் நிற்கும், தவில்காரர் தன் முறைக்குக் காத்திருப்பார். விளாத்திகுளம் சுவாமிகள் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடுவார் என்பது கரிசலில் இன்றும் பேச்சு. அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இடைசெவல் எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். அருணாசலம் வாசித்தது அப்படிப்பட்ட காதுகளுக்கு.

ஹாங்க் விஷயத்திலும் நாற்பதோடு கதை முடியவில்லை. 1951-இல் நாஷ்வில் வானொலியில், ஒரு மாவுக் கம்பெனியின் தயவில், காலை வேளையில் கால் மணி நேரம் பாடிவந்தார். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போக வேண்டியிருந்ததால் பல நாள் நிகழ்ச்சிகளை முன்கூட்டியே தட்டில் பதிந்து வைத்தார்கள். பிற்பாடு நிலையத்தார் அந்தத் தட்டுகளைக் குப்பைக்குப் போட்டார்கள். அங்கே வேலை பார்த்த புகைப்படக்காரர் ஒருவர் அவற்றை எடுத்து வைத்ததால் தப்பித்தன. அவற்றின் உரிமை பற்றிய வழக்கெல்லாம் தீர்ந்து, முழுத் தொகுதியாக வெளிவந்தது 2010-இல். அதில் அவர் சிரிக்கிறார், மாவு விற்கிறார், தேவாலயப் பாட்டும் அடுத்தவர் பாட்டும் பாடுகிறார். கைதட்டலுக்காக எதுவும் செய்யவில்லை. நாற்பதைவிட எனக்கு இது ஒரு படி மேல்.

காருகுறிச்சியாரின் கச்சேரிப் பதிவுகளும் சில நல்லவேளையாக மிஞ்சியிருக்கின்றன. கிடைத்தால் கீர்த்தனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆலாபனையைக் கேளுங்கள். அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று தேடிப் பாருங்கள், லேசில் பிடிபடாது.