பாடசாலை நேரமும் எங்கள் பிள்ளைகளின் பாடமும்

(தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இந்த மாதிரிக் கூட்டங்களில் நாம் வழக்கமாகக் குடிதண்ணீர், மலசலகூடம், தடுப்பூசி பற்றித்தான் பேசுவோம். இன்றைக்குப் பாடசாலை நேரத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். "அதுல பேச என்ன இருக்கு? புள்ள ஏழரைக்குப் போகுது, ஒன்றரைக்கு முடியுது" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நேரமும் பாடமும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. நேரம் மாறும்போது பாடமும் அதற்கேற்ப மாறவேண்டும். மாறாவிட்டால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

எங்கள் பெரியவர்கள் படித்த தோட்டப் பள்ளிக்கூடங்களை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு கொடுக்க வேண்டுமென்று 1907ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆனாலும் நெடுங்காலம் பல தோட்டங்களில் ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு என்றுதான் இருந்தது. தோட்ட வேலை போக மிஞ்சிய நேரமே படிப்பு நேரம். நேரம் அரைகுறை, ஆகவே பாடமும் அரைகுறை. 1970களின் பிற்பகுதியிலிருந்து இப்பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதன்பின் டவுன் பிள்ளைக்குள்ள அதே பாடத்திட்டமும் அதே பரீட்சையும் எங்கள் பிள்ளைக்கும் கிடைத்தன. இந்த உரிமையை நாம் ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அதனால்தான் "நெகிழ்வான நேரம்" என்று யாராவது சொன்னால், "பழையபடி அரைநாள் பள்ளிக்கூடமா?" என்று நமக்குப் பயம் வருகிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இதை வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்குத் தூரதேசத்து உதாரணம் ஒன்று இருக்கிறது.

தென் அமெரிக்காவில் கொலம்பியா என்றொரு நாடு. நமக்குத் தேயிலை மலை, அவர்களுக்குக் கோப்பி மலை. அங்கேயும் மலைப்பக்கத்துச் சின்னப் பாடசாலைகளில் ஐந்து வகுப்புக்கும் ஒரு ஆசிரியர் அல்லது இரண்டு ஆசிரியர். கோப்பிப் பழம் பறிக்கும் காலம் வந்தால் பிள்ளைகள் பல நாட்கள் வரமாட்டார்கள். திரும்பி வரும்போது வகுப்பு எங்கேயோ போயிருக்கும். பிள்ளை பெயில். மறுவருடமும் அதே வகுப்பு. கடைசியில் "படிப்பு ஏறல" என்று நின்றுவிடும்.

1970களின் நடுப்பகுதியில் விக்கி கொல்பேர்ட் என்ற அம்மையாரும் சில கல்வியாளர்களும் அங்கே "எஸ்குவேலா நுவேவா", அதாவது புதிய பாடசாலை, என்ற முறையைத் தொடங்கினார்கள். அவர்கள் நேரத்தைத் தளர்த்தியதோடு நிற்கவில்லை. பாடத்தையே புதிதாக எழுதினார்கள். பெரிய பாடங்களைச் சிறு சிறு அலகுகளாகப் பிரித்து, பிள்ளை தானே வாசித்துச் செய்யக்கூடிய கைந்நூல்களாக்கினார்கள். ஒரு அலகை முடித்தால்தான் அடுத்த அலகு. இடையில் நின்ற பிள்ளை திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்தே தொடங்கும். பாடங்களை முடித்தபோதுதான் அடுத்த வகுப்பு. வருடம் முடிந்ததற்காகப் பெயில் இல்லை. கோப்பிச் செய்கையாளர்களின் அமைப்பும் இதற்கு உதவியது. 1980களில் அந்நாட்டு அரசாங்கமே இதைக் கிராமப் பாடசாலைகளுக்குப் பரப்பியது.

இதைக் கேட்டுவிட்டு, "அப்ப புள்ளைய மலைக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று எவரும் நினைக்கவேண்டாம். நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை படிப்பு கட்டாயம். பிள்ளை நாள் தவறாமல் வருமென்று நினைத்து எழுதிய பாடம், நாள் தவறும் பிள்ளையைத் தள்ளிவிடும் என்பதுதான் இந்த உதாரணத்தில் நாம் காணவேண்டியது.

நம் நாட்டிலும் இதைக் கண்டோம். 1999இல் ஆரம்ப வகுப்புகளுக்கு வந்த சீர்திருத்தத்தில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று நாள் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டாயம் வரவேண்டிய தேர்ச்சிகள் எவை என்றும் குறித்தார்கள். 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையுச்சிக்கு ஏறியதை நாமெல்லாம் பார்த்தோம். 2022 ஜூலையில் எரிபொருள் இல்லாமல் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே பாடசாலை நடந்தது. ஐந்து நாள் பாடத்தை மூன்று நாளுக்குள் எப்படி அடக்குவது? எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்த வகுப்பில் பிள்ளை தப்பியது. கிடைக்காத வகுப்பில் புத்தகம் முடிந்தது, படிப்பு முடியவில்லை.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். பிள்ளை எப்போது நிற்கிறது? சம்பள நாள், திருவிழாவுக்கு மறுநாள், அடைமழை நாள், வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லாத நாள். "ஒரு நாள்தானே" என்கிறோம். வாரத்தில் ஒரு நாள் நின்றால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஐந்து வருடத்தில் ஒரு முழு வருடப் படிப்பு போகிறது. கணக்குப் பாடத்தில் பின்னம் படிப்பித்த நாளில் நின்ற பிள்ளைக்கு அடுத்து வரும் சதவீதமும் விளங்காது. பிறகு சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் போய்விட்டது என்று அழுது பயனில்லை.

கொழும்பிலிருந்து சட்டம் வரும்வரை காத்திருக்காமல் நாம் செய்யக்கூடிய காரியங்கள் உண்டு.

முதலாவது, நேரசூசி. தூரத்து டிவிசன் பிள்ளைகள் மழையிலும் பனியிலும் பிந்தித்தான் வருகிறார்கள். முதல் பாடவேளையில் கணிதமோ ஆங்கிலமோ இருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கே ஒவ்வொரு நாளும் அது தவறுகிறது. அந்தப் பாடங்களை இரண்டாம், மூன்றாம் பாடவேளைக்கு மாற்றமுடியுமா என்று அதிபரிடம் மரியாதையாகக் கேட்போம்.

இரண்டாவது, நின்ற பிள்ளை திரும்பி வரும் நாள். எந்தப் பாடம் தவறியது என்று கொப்பியில் ஒரு வரி எழுதித்தரும்படி ஆசிரியரைக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத தாய்மார் லயத்தில் படித்த அக்காமாரிடம் கொடுத்தால் அவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்.

மூன்றாவது, பிள்ளைக்காம்பரா. பெரட்டுக்குப் போகும் நேரத்துக்கு அது திறந்திருந்தால், தம்பி தங்கையைப் பார்க்க மூத்த பெண்பிள்ளை வீட்டில் நிற்கவேண்டியதில்லை. எந்தெந்த நாட்களில் பிந்தித் திறக்கிறது என்று எங்களிடம் சொல்லுங்கள். நிர்வாகத்தோடு பேசுவது எங்கள் கடமை.

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் பேசவேண்டிய இடம் பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதில் பெற்றோருக்கும் இடமுண்டு. ஆனால் வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் பேர் போகுமே என்று யாரும் வருவதில்லை. அது உங்கள் குற்றமல்ல. ஆகவே கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை அல்லது கொழுந்து நிறுத்த பிறகு வைக்கும்படி நாம் எல்லோரும் கையெழுத்திட்டுக் கேட்போம். நேரம் மாற்றித் தந்தால் பிறகு சாக்குச் சொல்லாமல் வரவேண்டும். தகப்பன்மார்களும் வரவேண்டும்.