முறை வைத்துப் பகிர்ந்தால் மின்சாரமும் நிலைக்கும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பால்மரம் வெட்டிய பெரியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஒரே மரத்தை நாள் தவறாமல் வெட்டினால் என்ன ஆகும்? பட்டை காய்ந்து, பால் நின்று போகும். அதனால்தானே ஒருநாள் விட்டு ஒருநாள் நிரை மாற்றி வெட்டினீங்க! நான் பேச வந்த மின்சார விஷயமும் அதே கணக்குத்தான்.

சூரியத் தகடு தருவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம். நம் வீட்டுக்கு வருவதோ நொடிக்கு 50 முறை அலைபோல் ஏறி இறங்கும் மாறுமின்சாரம். முன்னதைப் பின்னதாக மாற்றும் கருவிதான் இன்வெர்ட்டர். பலநிலை இன்வெர்ட்டரில் சின்னச் சின்னப் பெட்டிகளை அடுக்கி, படிப்படியாக அந்த அலையை உண்டாக்குகிறார்கள். படிகள் கூடக்கூட அலை சீராகும்.

இங்கேதான் சிக்கல். எப்போதும் ஒரே பெட்டி முதலில் வேலைக்கு வந்தால், அதுவே அதிக நேரம் உழைத்துச் சூடேறும். மற்றது சும்மா கிடக்கும். பெட்டிகளிலுள்ள மின்தேக்கிகளின் அழுத்தமும் ஏறுமாறாகிவிடும். இதற்கு வழி இரண்டு. ஒன்று, முறை மாற்றுவது: இந்தச் சுற்றில் முதலில் வந்த பெட்டி அடுத்த சுற்றில் கடைசியில் வரும். மற்றொன்று, அளந்து பார்த்து ஆள் போடுவது: மின்சாரம் உள்ளே வரும்போது அழுத்தம் குறைந்த பெட்டியைச் சேர்ப்பார்கள், வெளியே போகும்போது நிறைந்த பெட்டியைச் சேர்ப்பார்கள். காலைப் பெரட்டில் கங்காணி ஆள் பிரிப்பதுபோல, ஒரு கணினி நொடிக்குப் பல முறை இதைச் செய்கிறது.

ஜெர்மனியின் பேராசிரியர் ரெய்னர் மார்குவார்ட் வகுத்த இந்த அடுக்குப் பெட்டி முறை, 2010-இல் சான் பிரான்சிஸ்கோ கடலடி மின்தடத்தில் 400 மெகாவாட்டுக்கு உதவியது. 2021-இல் தமிழகத்துப் புகளூருக்கும் கேரளத்துத் திருச்சூருக்கும் இடையே 2,000 மெகாவாட் தடமாக வந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? சூரிய மின் இன்வெர்ட்டருக்குப் பயன்படும் சிலிக்கான் கார்பைடு சில்லுகளைச் செய்யக் கூலிமில் இன்ஃபினியன் நிறுவனம் 2024-இல் தொழிற்சாலை திறந்தது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கிய காலத்திலிருந்து நம் பெண்கள் சில்லுத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டு பார்த்தார்கள். அவர்கள் கையால் செய்ததை, அவர்கள் பேத்திகள் மூளையால் வகுக்க வேண்டாமா?

பெற்றோர்களே! நான்காம் படிவத்தில் இயற்பியலும் கூடுதல் கணிதமும் எடுக்கப் பிள்ளைகள் கேட்டால், "நமக்கு எதுக்கு அது?" என்று சொல்லாதீங்க. இன்னொன்று: வீட்டு வேலை முழுவதையும் மூத்த மகள் தலையில் போட்டுவிட்டு, "மார்க் ஏன் குறைஞ்சது?" என்று கேட்பதில் நியாயமில்லை. பாரம் ஒரே பெட்டியில் ஏறினால் அது கருகிவிடும். தம்பியும் பாத்திரம் கழுவட்டும், அக்காவும் படிக்கட்டும்.

பரிசு பெற்ற செல்வங்களுக்கு வாழ்த்து. அடுத்த ஆண்டு பெறப்போகிறவர்களுக்கும் வாழ்த்து.