நாய்க்கும் நடுகல்: நினைவின் அறம்

வீட்டில் வளர்ந்த நாய் இறந்தால் வாய்விட்டு அழக்கூட நம்மில் பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. 'ஒரு நாய்க்கா இவ்வளவு?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கம் அது. அப்படிக் கேட்பவர்கள் இந்தத் துக்கத்தை மேல்நாட்டு நாகரிகம் என்றும், வசதி படைத்தவர்களின் பழக்கம் என்றும் எண்ணுகிறார்கள். ஆனால் இறந்த நாயைப் பெயர் சொல்லி நினைப்பது இந்த மண்ணின் பழைய வழக்கம். அது இருப்பவர்கள்மீது ஒரு கடமையையும் சுமத்தியது. இதையே இன்று உங்கள்முன் நிறுவ விரும்புகிறேன்.

முதற்சான்று திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டில், எருமைகளைக் காக்கும் பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்கிறது கல்வெட்டு. எத்தனை கள்வர் என்பதுவரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. பாரிசை அடுத்த அனியேரில் புகழ்பெற்ற நாய்க் கல்லறைத் தோட்டம் அமைந்தது 1899இல். கோவிவன் கல்லுக்கு வயது அதைவிடச் சுமார் 1,200 ஆண்டுகள் அதிகம். மேல்நாட்டு வழக்கம் என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

இரண்டாம் சான்று கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல்வெட்டு. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படைகள் சோழ இளவரசன் இராசாதித்தனை வீழ்த்திய தக்கோலப் போரைச் சொல்லும் கல் என்பதால் வரலாற்று மாணவர்கள் இதை அறிவார்கள். அந்தப் போரில் வீரம் காட்டிய மணலேரன், பரிசாகக் கேட்டுப் பெற்றது காளி என்ற வேட்டை நாயை. பின்னொரு நாள் காட்டுப்பன்றியோடு பொருது காளியும் பன்றியும் மடிந்தன. மணலேரன் கோயில்முன் அதற்குக் கல் நட்டான், நிலமும் விட்டான். அந்த நிலத்தை அனுபவிப்பவர் கல்லுக்கு வழிபாடு செய்யாமல் உண்டால் பாவம் சேரும் என்றும் பொறிக்கப்பட்டது. இன்றைய வழக்கில் சொன்னால், ஒரு நாயின் பெயரால் அமைந்த அறக்கட்டளை அது.

'அவை வேட்டைக்கும் காவலுக்கும் உழைத்த நாய்கள். அந்த மரியாதை வேலைக்குத் தந்தது. வீட்டுச் செல்ல நாய்களுக்கு அது எப்படிப் பொருந்தும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வேலையை மட்டும் பாராட்டுவதற்கு 'அவனுடைய நாய்' என்று பொறித்தாலே போதும்; பெயர் தேவையில்லை. பெயர் உறவைச் சொல்கிறது. பரிசு கேட்கும் வாய்ப்பு வந்தபோது மணலேரன் காளியைக் கேட்டதும் அன்பைத்தான் காட்டுகிறது. தனித்து வாழும் முதியவருக்குப் பேச்சுத்துணையாக இருக்கும் நாய் செய்யும் காவலும் கோவிவனின் காவலுக்குக் குறைந்ததன்று.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எத்தனையோ உழைப்பாளிகள் பெயரில்லாமல் மண்ணுக்குள் போகும் நாட்டில், வெறிநோய்க்கு மனித உயிர்கள் பலியாகும் நாட்டில், நாய்க்கு நினைவுச்சின்னம் தகுமா? பளிங்குக் கல்லறைக்குச் செலவிடுவதோடு நினைவு முடிந்துவிட்டால் இந்த மறுப்பு முழுக்கச் சரி. ஆனால் எடுத்தனூரில் வீரனும் நாயும் ஒரே கல்லில் இருக்கிறார்கள். கோவிவனைப் போற்றியதால் கருந்தேவக்கத்தியின் புகழ் குறையவில்லை. ஆதகூரும் நினைவைக் கல்லோடு நிறுத்தாமல், காலந்தோறும் செய்ய வேண்டிய கடமையாக்கியது. வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் மனிதரைப் பிழைக்க வைப்பது ஏறக்குறைய இயலாது. நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதே அதைத் தடுக்கும் முதன்மையான வழி. ஆகவே நாய்மீது கொண்ட அன்பும் மனிதர்மீது கொண்ட அக்கறையும் ஒரே செயலில் நிறைவேற முடியும்.

உங்கள் வீட்டு நாய் இறந்தால் தயங்காமல் அழுங்கள். அதன் பெயரையும் அது செய்ததையும் எழுதி வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில், அதன் பெயரால் உங்கள் தெருநாய்களுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யுங்கள். ஊர்ப்புறத்தில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் நடுகற்களையும் காப்பாற்றுங்கள்.