குழம்புச் சட்டியில் உலகப் படம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு வாய்த்தது சரக்குக் கணக்கு எழுதும் தொழில். புறப்பட்ட இடம், சேரும் இடம் இரண்டையும் ரசீதில் குறிக்காமல் ரயிலில் சரக்கு நகராது. நம் அடுக்களைக்கும் நாள்தோறும் சரக்கு வந்து சேர்கிறது. ஆனால் அது புறப்பட்ட இடத்தை நம் குழந்தைகள் அறியார். பருப்பு கடையிலே விளைகிறது என்றே எண்ணும் பிள்ளைகளும் உளர். அவர்களுக்கு உலக வாணிகத்தைக் கற்பிக்கப் பெரிய நூல்கள் வேண்டா. அடுப்பில் கொதிக்கும் சாம்பாரே போதும். மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம்.

முதற் கேள்வி: இஃது எங்கிருந்து வந்தது? மிளகாய் பிறந்தது அமெரிக்கக் கண்டத்தில். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர், போர்த்துக்கீசியர் கப்பல்களில் அது நம் நாட்டை அடைந்தது. அதுவரை நம் முன்னோர்க்குக் காரம் தந்தது மிளகே. மிளகுபோல் உறைக்கும் காயை மிளகாய் என்றனர். பெயரிலேயே வரலாறு இருக்கிறதன்றோ! தக்காளியும் உருளைக்கிழங்கும் அக்கண்டத்தவையே. பெருங்காயம் ஆப்கானிஸ்தானத்திலும் ஈரானிலும் ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால். துவரை நம் நாட்டுப் பயிரே. எனினும் விளைவது போதாமையால் மியன்மாரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கப்பலில் வருகிறது.

இரண்டாம் கேள்வி: வந்தது எவ்வாறு நமதாயிற்று? கோலார் வட்டாரத்தின் உயிர் உணவான கேழ்வரகு, பன்னெடுங்காலத்துக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கடல் கடந்து வந்த தக்காளியோ இன்று கோலார்ச் சந்தையிலிருந்து லாரி லாரியாக வெளி மாநிலங்களுக்குச் செல்கிறது. உழவன் வியர்வை அதனை இம்மண்ணுக்கு உரியதாக்கியது. நம் பாட்டன்மாரும் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, சுரங்கத்தின் ஆழத்தில் உழைத்தே இவ்வூரினர் ஆயினர். ஆகவே, "நீங்கள் வெளியூரார்தாமே?" என்று எவரேனும் வினவினால் நம் குழந்தை தலைகுனிய வேண்டுவதில்லை. களியும் தக்காளியும் அதற்குச் சான்று பகரும்.

மூன்றாம் கேள்வி: எதைக் கொடுத்து வாங்கினோம்? வாணிகம் என்பது கொடுக்கல் வாங்கல். யவனர் மரக்கலங்கள் முசிறிக்குப் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூறு கூறுகிறது. உரோமின் செல்வம் ஆண்டுதோறும் இந்தியாவுக்குப் போகிறதே என்று பிளினி என்னும் அறிஞர் வருந்தி எழுதினார். பிற்காலத்தில் நம் தங்கவயலின் பொன் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1880 முதல் வெட்டப்பட்ட அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. இன்று நாம் கொடுப்பது யாது? விடியற்காலையில் மாரிகுப்பத்தில் புறப்பட்டுப் பெங்களூர் செல்லும் ரயிலில் நம் மக்களின் உழைப்பு ஏறிச் செல்கிறது. அதன் ஊதியமே இரவில் சோறும் சாம்பாருமாக இல்லம் திரும்புகிறது. இதனை உணர்ந்த பிள்ளை தட்டில் சோற்றை வீணாக்காது. தந்தையின் களைப்பையும் அறியும்.

ஒன்று கூறி முடிக்கின்றேன். 2022-இல் உக்ரைனில் போர் மூண்டது. நம் கடைகளில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது. எங்கோ ஓர் உழவன் விதைக்க இயலாமற் போனால், இங்கே ஒரு தாய் தாளிக்குமுன் எண்ணெயை அளந்து பார்க்கிறாள். பிறநாட்டார் துன்பம் நமக்கு அயலன்று என்பதற்கு இதனினும் எளிய பாடம் உண்டோ?

வரும் ஞாயிறன்று தாய்மார்கள் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வையுங்கள். தந்தைமார்கள் அருகில் ஓர் உலகப் படத்தை விரியுங்கள். எஞ்சியதைக் குழந்தைகளே கேட்டறிவர்.