பி பிளேட்டும் படகு டிரெய்லரும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் பல ஆண்டுகள் சிட்னியில் வசித்துவிட்டுத் திரும்பிய நம் குடியிருப்பாளர்.)

தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்தீர்கள். தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு என்று பேசவேண்டிய இடத்தில் படகு எங்கே வந்தது என்று. ஆனால் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருக்கும் வீடுகள் இங்கே எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். லைசென்ஸ் கைக்கு வந்த முதல் கோடையிலேயே, "அப்பா, ஃபிரெண்டோட படகை இழுத்துக்கிட்டு மீன் பிடிக்கப் போறோம்" என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி வரும். பதிலுக்குக் கட்டைவிரலைக் காட்டுவதற்கு முன்னால் என்ன கேட்கலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அங்கே படகு பணக்காரர் விஷயம் மட்டும் இல்லை. நான்கு மீட்டர் நீள அலுமினியப் படகு, பின்னால் ஒரு அவுட்போர்டு எஞ்சின், அதைத் தாங்க இரண்டு சக்கர டிரெய்லர் என்று சாதாரண வீட்டு வாசலிலும் நிற்கும். இன்னொரு வேடிக்கை, நியூ சவுத் வேல்ஸில் 12 வயதுப் பையன்கூட நிபந்தனைகளோடு படகு ஓட்டும் உரிமம் வாங்கலாம். அந்தப் படகைத் தண்ணீர் வரை இழுத்துக்கொண்டு போகத்தான் அவன் இன்னும் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? அந்த மாநிலத்தில் பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் எதையும் இழுக்கக் கூடாது. அடுத்தது பி1, சிவப்பு எழுத்துப் பலகை, குறைந்தது ஒரு வருடம். அவர் 250 கிலோ வரை எடையுள்ள டிரெய்லரை இழுக்கலாம். பி பலகையை டிரெய்லரின் பின்பக்கமும் மாட்ட வேண்டும். வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பக்கத்து விக்டோரியாவில் பி1 காரருக்கு, வேலை, விவசாயம் போன்ற விலக்குகள் தவிர, டிரெய்லரே கிடையாது. பிரிட்டனில் நேர்மாறு. 2021 டிசம்பர் 16 முதல், சாதாரண கார் டெஸ்டில் தேறியவர் 3,500 கிலோ வரையிலான டிரெய்லரையே இழுக்கலாம். ஆகவே "அங்கே விடுவாங்க" என்று யாராவது சொன்னால், எந்த ஊரில் என்று கேளுங்கள்.

இப்போது அந்த 250 கிலோவைக் கவனியுங்கள். அது காலி டிரெய்லரின் எடை. படகு, எஞ்சின், பெட்ரோல், நங்கூரம், ஐஸ் பெட்டி எதுவும் அதில் சேராது. 50 லிட்டர் பெட்ரோலே கிட்டத்தட்ட 37 கிலோ. எல்லாம் ஏற்றினால் 600, 700 கிலோ ஆவது பெரிய விஷயமில்லை. சட்டப்படி சரி. ஆனால் சிவப்பு விளக்கில் காரின் பிரேக் நிறுத்த வேண்டியது மொத்த எடையையும். ஏற்றிய டிரெய்லர் 750 கிலோவைத் தாண்டினால்தான் அதற்கென்று தனி பிரேக் கட்டாயம். அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் கார் ஒற்றை ஆளாக நிறுத்தலாம். சின்ன ஹேட்ச்பேக்குக்கு அதுவே அதிகமாக இருக்கலாம். எவ்வளவு இழுக்கலாம் என்பது காரின் கையேட்டில் இருக்கும். முதல் கேள்வி அதுதான்: "கையேட்டைப் பாத்தியா?"

இன்னொன்று. அங்கே 25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் 120 மணி நேரம் ஓட்டி, லாக்புக்கில் எழுதிக் காட்ட வேண்டும். நம் ஊரில் எட்டு போட்டுக் காட்டி வாங்குவதோடு ஒப்பிட்டால் பிரமாதம்தான். ஆனால் அந்த 120 மணியில் ஒரு நிமிடம்கூட டிரெய்லரோடு இருக்க முடியாது, பழகுநருக்குத் தடை என்பதால். சோதனையிலும் டிரெய்லர் இல்லை. லைசென்ஸ் வந்த மறுநாள் இழுக்க அனுமதி உண்டு, பழக்கம் சுத்தமாக இல்லை. என் கவலையெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

சாலையில் பெரிய ஆபத்து, டிரெய்லர் பாம்பு மாதிரி வளைந்து ஆடுவது. படகில் எஞ்சின் பின்முனையில் தொங்குவதால் எடை இயல்பாகவே பின்னால் சாயும். காரின் கொக்கிக் குண்டின் மேல் டிரெய்லர் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு அழுந்த வேண்டும். அது குறைந்தால், இறக்கத்தில் ஒரு லாரி பக்கத்தில் கடந்து போகும் காற்றே ஆட்டத்தைத் தொடங்கிவிடும். சிட்னியிலிருந்து வடக்கே போகும் எம்1 சாலை ஹாக்ஸ்பரி ஆற்றுக்கு இறங்கும் நீளமான சரிவு இதற்குத் தோதான இடம். ஆட ஆரம்பித்தால் பதறி பிரேக்கை மிதிக்கக் கூடாது, எதிர்ப்பக்கம் திருப்பவும் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கும். அதன் பிறகு ஓரமாக நிறுத்தி, பெட்டிகளை முன்பக்கம் நகர்த்தி வைக்கவேண்டும். இது அந்த நேரத்தில் யோசித்து வருவதில்லை. முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும்.

ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றி நம் ஊர் டிராக்டர் ஓட்டுநர்களைக் கேளுங்கள். களத்துமேட்டில் டிப்பரை ஒரே வீச்சில் பின்னால் தள்ளுவார்கள், திரும்பிக்கூடப் பார்க்காமல். நமக்கு வழி ஒன்று உண்டு: ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள், கொஞ்சமாக. கோணல் ஆனால் முன்னால் எடுத்து நேராக்கி மறுபடி ஆரம்பியுங்கள். ஞாயிறு காலை ஆளில்லாத பார்க்கிங்கில் இரண்டு மணி நேரம் போதும். படகு ஏற்றிய டிரெய்லரைவிடக் காலி டிரெய்லர் கஷ்டம் என்பதையும் சொல்லிவையுங்கள். தாழ்வாக இருப்பதால் கண்ணாடியில் தெரியவே தெரியாது. படகை இறக்கிவிட்டு மேலே வரும்போதுதான் அது புரியும். அதனால்தான் விவரமானவர்கள் இரண்டு பக்கமும் உயரக் கம்பி நட்டு வைத்திருப்பார்கள்.

படகு இறக்கும் சரிவுமேடையில்தான் உயிர் போகும் விபத்துக்கு இடம் இருக்கிறது. அலை வற்றிய நேரத்தில் பாசி படிந்து வழுக்கும். சரிவில் இறங்கும் முன் சீட் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலை இறக்கிவிடச் சொல்லுங்கள். கார் நழுவித் தண்ணீருக்குள் போனால் வெளியே வர அதுதான் வழி. இறங்கும் முன் ஹேண்ட்பிரேக், கியர் இரண்டும். டிரெய்லருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, உதவி செய்கிறேன் என்று வருபவரும் கூடத்தான். குழந்தைகள் மேலே, கார் நிறுத்தும் இடத்தில். கயிற்றை அவிழ்ப்பது, தூம்பு அடைப்பானை மாட்டுவது, விளக்கு பிளக்கைப் பிடுங்குவது எல்லாம் மேலேயே முடிய வேண்டும். பின்னால் வரிசை காத்திருக்கிறதே என்று அவசரப்பட்டுத்தான் பலர் எதையாவது விடுகிறார்கள். ஹாரன் அடித்தாலும் காத்திருக்கட்டும்.

பிள்ளை தயங்கினால் வேறு வழியும் உண்டு. ஆற்றங்கரையிலேயே படகு வாடகைக்குக் கிடைக்கும். 10 நாட் வேகத்துக்குக் குறைவாக ஓட்டினால் அந்த மாநிலத்தில் படகு உரிமம்கூடத் தேவையில்லை. காரில் தூண்டிலும் சாப்பாடும் போதும்.

சொந்தப் படகுதான் என்றால், திரும்பி வந்ததும் சக்கரத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். ஓடிச் சூடான பேரிங் உப்புத் தண்ணீரில் முங்கினால் உள்ளே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு அரித்துவிடும். அதனால் சரிவில் இறக்கும் முன்பும் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் சொன்ன மற்ற வேலைகளைச் செய்வது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், காபி வந்துவிட்டது.