நீர் நமக்கு, நெருக்கடி அவர்க்கா?

(கோபிசெட்டிபாளையம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



தடப்பள்ளி வாய்க்காலிலே தண்ணீர் ஓடுகிறது. அரக்கன்கோட்டை வாய்க்காலிலே தண்ணீர் ஓடுகிறது. நெல் விளைகிறது, மஞ்சள் விளைகிறது, நீங்கள் மகிழ்கிறீர்கள். கொடிவேரி அணைக்கட்டைக் காட்டி, 'அதோ, எங்கள் செல்வம்!' என்கிறீர்கள். அணை தேக்கும், தோழர்களே, ஆக்காது! ஆக்குமிடம் எது? அண்ணாந்து பாருங்கள், நீலமலை! அந்த மலையைப் பற்றித்தான் இன்றிரவு பேசப்போகிறேன். அரசியல் மேடையிலே புல்லும் பூண்டும் எதற்கு என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பொறுத்திருங்கள் நண்பரே, உங்கள் வயலுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்!

நீலமலையின் உச்சியிலே, பள்ளங்களில் குட்டை மரங்கள் நெருங்கிய சோலை, மேடுகளில் புல்வெளி. பெய்த மழையைப் புல் தன் வேர்ப்பின்னலாலும், சோலை தன் சருகு மெத்தையாலும் வாங்கி, மண்ணுக்குள் இறக்கி, வானம் வெளுத்த பிறகும் சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன. அந்த நீர் 1932 முதல் பைகாராவிலே மின்சாரமாகி, மோயாறாக இறங்கி, பவானியோடு கூடி, 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட கீழ்பவானி அணையிலே தேங்கி, 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. பிறகு உங்கள் கொடிவேரி. அதற்கும் கீழே காலிங்கராயன். ஒரே நீர், எத்தனை வேலை! இதற்கெல்லாம் மலை நம்மிடம் கூலி கேட்டதுண்டா?

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். வெள்ளையருக்கு இதமான குளிர்; ஊர் எழுந்தது. ஊருக்கு விறகு வேண்டுமே! ஆஸ்திரேலிய நாட்டுக் கற்பூர மரமும் சீகை மரமும் வந்து இறங்கின. தொதவர்கள் எருமை மேய்த்த புல்வெளியைப் பார்த்து, 'வெற்று நிலம்' என்று ஏட்டிலே எழுதிக்கொண்டனர். வெள்ளையர் போயினர், அவர்கள் எழுதிய ஏடு போகவில்லை! விடுதலைக்குப் பிறகும், தோல் பதனிடச் சீகைப் பட்டை, செயற்கைப் பட்டுக்குக் கற்பூர மரக்கூழ் என்று காரணம் மாறிற்றே தவிர, நடுவது நிற்கவில்லை.

மரம்தானே நட்டார்கள், மனிதனையா வெட்டினார்கள் என்பீர்கள். மரம் என்றால் மழை, பச்சை என்றால் காடு என்று நமக்குப் பாடமல்லவா! அந்தப் பாடத்தை அளந்து பார்த்தார்கள், உதகையிலுள்ள மண்-நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார். கிளன்மார்கனிலே அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். ஒன்றை இருந்தபடியே விட்டனர். மற்றொன்றில், 1972-இல், நூற்றுக்கு 59 பங்கு நிலத்திலே கற்பூர மரம் நட்டனர். பத்தாண்டுக் காலம் ஓடையை அளந்தனர். மரம் நட்ட பக்கத்திலே ஆண்டு நீர்வரத்து நூற்றுக்கு 16 குறைந்தது! வெட்டியபின் துளிர்த்த இரண்டாம் சுற்றிலே குறைவு இன்னும் ஏறிற்று. மழைக்கால வெள்ளத்தைவிட, கோடையிலே ஓடும் மெல்லிய ஒழுக்குத்தான் அதிகம் அடிபட்டது. எந்த ஒழுக்கு? உங்கள் பயிர் காத்துக்கிடக்கும் ஒழுக்கு! நட்டது மரம், பட்டது ஓடை. வயலுக்கு வந்துவிட்டேனா நண்பரே?

'சரி, மலையிலே ஒரு மூலையைக் காப்பாற்றுவோம்' என்று சொல்லுவோர் உண்டு. முக்குருத்தியிலே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது, 78 சதுர கிலோமீட்டர். வரையாடு வாழ்கிறது, நல்லது, வாழட்டும். ஆனால் நீர் வேலி பார்த்து ஓடுமா? நான் நாடகக்காரன், ஒரு காட்சி சொல்லுகிறேன். இடம், அட்டப்பாடிச் சோதனைச் சாவடி. பவானி வருகிறாள்.

அதிகாரி: எங்கே பிறந்தாய்?

பவானி: நீலமலையிலே, தமிழகத்திலே.

அதிகாரி: இது கேரளம்! இங்கே ஏன் வந்தாய்?

பவானி: சரிவு இருந்தது, வந்தேன். திரும்பத் தமிழகத்துக்கே போகிறேன்.

அதிகாரி: அனுமதிச் சீட்டு?

பவானி: மழையிடம் கேளும்!

யானையும் இதே விடைதான் சொல்லும். மேற்கு மலைத்தொடரையும் கிழக்கு மலைத்தொடரையும் இணைக்கும் சீகூர் மேட்டு நிலத்திலே, அதன் வழியை மறித்து உல்லாச விடுதிகள் எழுந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2020-இல்தான் யானைக்கு வழி உண்டு என்ற தீர்ப்பு உறுதியாயிற்று. ஆகவேதான் 1986-இல், தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றையும் தழுவி, 5,520 சதுர கிலோமீட்டரை ஒரே நிலப்பரப்பாகக் கருதி, நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. துண்டு துண்டாகக் காத்தால் விலங்கு சில மிஞ்சலாம். வாய்க்காலுக்கு நீர் வர, மலை முழுதாக இருக்கவேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால், இந்தக் காப்பின் விலையைக் கொடுப்பவர் யார்? அங்கேதான் அரசியல் வருகிறது, தோழர்களே!

சீகையைக் களைந்து புல்லை மீட்க வேண்டும் என்கிறார்கள், மீட்கத்தான் வேண்டும். களைந்தால் ஓடை பெருகும், உங்கள் மதகுக்கு மகிழ்ச்சி. தேயிலைத் தோட்டத்துத் தாய், குளிர் இரவிலே அடுப்பெரிக்கப் பொறுக்கிவந்த சுள்ளி? அது போகும்! யானை வழி திறந்தால் காடு தழைக்கும். அந்த வழியோரத்து இருளரின் ராகிக் கொல்லையை யானை ஓரிரவிலே தின்று தீர்க்கும். பருவம் பார்த்துத் தீயிட்டுப் புல்லைப் புதுப்பிக்கத் தெரிந்த தொதவர், செங்குத்துப் பாறையிலே தேனெடுக்கும் குறும்பர் — இவர்களை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே காவல் காக்கிறோம் என்றால், எவரிடமிருந்து எவருக்காகக் காவல்? 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தங்கள் காட்டைக் காக்கவும் ஆளவும் கிராம சபைக்கு உரிமை தந்தது. தமிழகத்திலோ, நீதிமன்றத் தடையால் உரிமைச் சான்று வழங்குவது ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது.

நியூயார்க் நகரத்தாரைப் பாருங்கள். பல நூறு கோடி டாலரிலே குடிநீர் வடிகட்டும் ஆலை கட்டும் நெருக்கடி வந்தபோது, 1997-இல், கேட்ஸ்கில் மலை ஊர்களோடு உடன்பாடு செய்துகொண்டனர். மலை உழவரின் மாட்டுத் தொழுவத்துக் கழிவு ஓடையிலே கலக்காதிருக்க நகரம் பணம் கொடுத்தது. நிலத்தைப் பறிக்காமல், விற்க விரும்பியவரிடம் விலைக்கு வாங்கிற்று. தருமமா? கணக்கு! ஆலையைவிட மலை மலிவு என்ற கணக்கு. டாலர் தேசத்துக்குத் தெரிந்த கணக்கு, ஏர் பிடிக்கும் நமக்குத் தெரியாதா?

அடுத்த பாசனச் சங்கக் கூட்டத்திலே மதகும் முறைப்பாசனமும் பேசி முடித்த பிறகு, எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள். நம் நீரின் பயனிலே மலைக் கிராம சபைக்கு எவ்வளவு பங்கு? சீகை களையும் வேலை, கூலியோடு மலைமக்களுக்கா, வெளியூர் ஒப்பந்தக்காரருக்கா? சுள்ளி இழந்த வீட்டுக்கு மாற்று அடுப்பு எப்போது? விடையைத் தீர்மானமாக எழுதி, ஈரோட்டுக்கு ஒன்று, உதகைக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று அனுப்புங்கள். படியெடுத்து நம் கிளைக் கழகத்திலும் ஒன்று வையுங்கள். அடுத்த முறை வரும்போது கேட்பேன்.